பக்கத்துக் கட்டில் பிள்ளை

எண்பதுகளின் நடுவில், கோலாலம்பூர் பிரசவ வார்டு ஒன்றில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் இருந்தார். கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பால் எடுப்பவர். மெலிந்த உடம்பு, விரல் இடுக்குகளில் கழுவியும் போகாத கறை. கல்யாணமாகிப் பதினோரு ஆண்டுகள் கழித்து, மாத்திரையும் ஊசியுமாகச் சிகிச்சை எடுத்து உண்டான முதல் பிள்ளை. டாக்டர் வந்தால் படுத்தபடி பேசமாட்டார். எழுந்து உட்கார்ந்து, கொண்டையை முடிந்த பிறகுதான் வாய் திறப்பார்.

அன்று காலை டாக்டர், "நாளைக்கு ஆபரேஷன் செஞ்சு எடுத்திருவோம்" என்றார்.

"பிள்ளைக்கு என்ன கோளாறு, டாக்டர்?"

"ஒண்ணுமில்லம்மா, தலை கீழதான் இருக்கு. ஆனா சிகிச்சையில வந்த பிள்ளை, விலைமதிப்பில்லாதது. எதுக்கு வீண் ஆபத்து?"

அந்தப் பெண் என் வயிற்றைக் காட்டினார். "அப்ப இந்த அக்கா பிள்ளை மலிவா? அவங்கள மட்டும் வலி வரட்டும்னு விட்டிருக்கீங்களே? காரணம் இருந்தா வெட்டுங்க. இல்லன்னா நானும் காத்திருக்கேன்."

டாக்டரின் முகம் இறுகியது. ஆனாலும் காத்திருக்கச் சம்மதித்தார்.

மறுநாள் விடியும்போது அவருக்கு வலி கண்டது. மதியம், பிள்ளையின் இதயத் துடிப்பு இறங்குகிறது என்று டாக்டர் சொன்னதும், அவர் மறுபேச்சில்லாமல் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டார்.

வண்டியைத் தள்ள வந்த ஆயா, "கடைசியில கத்திதானே? இதுக்கா அவ்வளவு வாய்?" என்றார்.

"நேத்து காரணம் இல்ல, இன்னைக்கு இருக்கு. ரெண்டும் வேற லா."

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம்.

எனக்கு அது மூன்றாவது பிரசவம். அன்று மாலை ஊசியோடு வந்த நர்ஸிடம், இது எதற்கு என்று முதல்முறையாகக் கேட்டேன்.