மொட்டை மாடியில் அக்கா

ஸ்ரீரங்கத்தில் நண்பன் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்துவிட்டு, சென்னை வழியாக டெல்லிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே, கே.கே. நகரில், என் அக்கா வீடு. போனால் சாப்பிடாமல் விடமாட்டாள். எப்போது இந்தப் பக்கம் மாற்றல் வாங்கப்போகிறாய் என்று கேட்டே உயிரை எடுப்பாள். "நேரமே இல்லக்கா" என்று முதல் நாளே போனில் சொல்லித் தப்பித்திருந்தேன்.

பெட்டியைக் கொடுக்கும் இடத்திலேயே விமானம் இரண்டு மணி நேரம் தாமதம் என்றார்கள். ஆட்டோ பிடித்தால் பத்து நிமிடத்தில் அவள் வீடு. நான் ஒரு காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது அக்காவே கூப்பிட்டாள்.

"ஏறிட்டியா?"

"ஏறிட்டேன்க்கா. போன ஆஃப் பண்ணச் சொல்றாங்க."

"சரி, போயிட்டு வா. நான் மொட்டை மாடிக்குப் போறேன். ஃப்ளைட் நம்ம வீட்டு மேலதான் போகும். கை காட்டுறேன், பாரு."

வேண்டாம் என்பதற்குள் வைத்துவிட்டாள். வெளியே உச்சி வெயில். உண்மையைச் சொல்ல ஒரு போன் போதும். நான் செய்யவில்லை. அந்த இரண்டு மணி நேரமும் வேறு எந்த விமானமும் கிளம்பவில்லை.

சென்னையில் இறங்கி, டெல்லி விமானத்துக்குக் காத்திருந்தபோது மறுபடி கூப்பிட்டாள்.

"இவ்ளோ நேரம் உன்னை உள்ளேயே அடைச்சு வெச்சுட்டாங்களேடா, பாவம்! மாமா கீழ வான்னு கத்துனாரு. நான் நகரலையே. முந்தானைய ஆட்டுனேன், பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

திருச்சி விமானத்தில் எனக்குக் கிடைத்தது ஜன்னலோர இருக்கைதான். விமானம் மேலேறி முடியும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை.