கத்தி தனியாக வராது

கத்திக்காரர் தன் வாழ்நாளில் யாரையும் குத்தியதில்லை. ஒரே ஒரு முறை தன் கட்டைவிரலைக் குத்திக்கொண்டிருக்கிறார், அதுவும் அடுத்த வீட்டுக்காரரின் பால்பவுடர் டப்பாவைத் திறந்து தரப்போய். காப்பீட்டு அலுவலகம் ஒன்றின் தபால் பிரிவில் உறை ஒட்டுவதும் பிரிப்பதும்தான் அவர் உத்தியோகம். கால்சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் மடக்குக் கத்தியால் வந்தது அந்தப் பட்டம்.

வெளிநாட்டிலிருந்து வந்த மைத்துனர் கொடுத்தது அது. உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சாமானுக்குள் பதினோரு உறுப்புகள். அவருக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஆகவே புட்டியின் தக்கையைப் பிடுங்கும் சுருள்கம்பியால் இருபது வருடமாகக் குளியலறைக் குழாயில் அடைக்கும் தலைமுடியைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். பல்குத்தி முதல் வாரமே பேருந்தில் தொலைந்தது. அந்த ஓட்டையில் ஒரு தீக்குச்சியைச் சீவிச் செருகிவைத்து, இன்னும் பதினொன்றுதான் என்று சாதிப்பார்.

அந்தக் கத்தியை அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை. யாராவது இரவல் கேட்டால், "கத்தி தனியா வராது, நானும் கூட வருவேன்" என்பார். வருவார். இரண்டு நிமிட வேலைக்கு அரைமணி நேரப் பேச்சும் கூடவே வரும். மருமகனின் வாயுத் தொல்லை, மாடிவீட்டுக்காரனின் நாய் எல்லாவற்றையும் கேட்டு முடித்தால்தான் ஒரு திருகாணி உள்ளே இறங்கும். அலுவலகத்தில் தலையில் அடித்துக்கொள்வார்கள், மறுவாரம் மறுபடி கூப்பிடுவார்கள். வீட்டிலும் அதே சட்டம்தான். நூல் அறுக்கக்கூட மனைவி தன் பல்லைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

இப்படி ராஜாவாட்டம் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் புது மேலாளர் வந்து சேர்ந்தார். சுறுசுறுப்பான பெண்மணி. வந்த கையோடு பராமரிப்புக்கு ஒரு கம்பெனியைப் பிடித்தார். நீலச் சட்டை போட்ட இரண்டு பேர் மாதாமாதம் வந்து, கதவு முதல் நாற்காலி வரை வாயைத் திறக்காமல் முடுக்கிவிட்டுப் போனார்கள். ஆறு வாரம் கத்திக்காரரை ஒருவரும் கூப்பிடவில்லை. இனி தன்னை யார், எதற்காகத் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள் என்று அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. உறையை எச்சில் தொட்டு எவன் வேண்டுமானாலும் ஒட்டலாமே. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் கை கழுவப் போன சமயம், டைப்பிஸ்ட் அம்மாளின் மேஜை இழுப்பறைப் பிடியில் இருந்த திருகாணியை ஒரு கால் சுற்று இளக்கிவிட்டார். அடுத்த நாள் இன்னொரு கால் சுற்று. நான்காம் நாள் பிடி அந்த அம்மாள் கையோடு வந்துவிட்டது. நீலச் சட்டைக்காரர்கள் வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. "அண்ணே, கொஞ்சம் வாங்களேன்" என்று அவள் கூப்பிட்டபோது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மருமகனின் வாயுத் தொல்லை இந்த இடைவெளியில் முற்றிப்போயிருந்த விவரத்தையும் சொல்லி முடித்தார்.

அதன்பிறகு ருசி கண்ட பூனைதான். ஜன்னல் கொக்கி, அலமாரிக் கதவு, காவலாளியின் முக்காலி என்று வரிசையாக ஆட்டம் கண்டன. எதையும் அவர் அளவோடு செய்து பழகியவர் அல்ல. கடைசியில் மேலாளரின் நாற்காலியிலேயே கைவைத்தார்.

தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து எதிரே உட்கார்ந்திருந்த நேரம். மேலாளர் சிரித்தபடி பின்னால் சாய்ந்தார். முதுகுப்பலகை விட்டுக்கொடுத்தது. கோப்புகள் பறந்தன, ஒரு செருப்பு மேஜைமேல் வந்து விழுந்தது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் கத்திக்காரர் மூச்சு வாங்க உள்ளே நின்றார், கையில் கத்தி, அதில் ஸ்க்ரூ டிரைவர் தயாராக விரித்தபடி. விழுந்தவரைத் தூக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல், நேரே மண்டிபோட்டு இடப்பக்கத் திருகாணியிடம் போனார்.

மேலாளர் எழுந்து உடையைச் சரிசெய்துகொண்டார். "நான் இன்னும் யாரையும் கூப்பிடவே இல்லையே சார். ஸ்க்ரூதான் கழண்டிருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

கத்திக்காரர் ஸ்க்ரூ டிரைவரை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார். மேலாளர் எழுத்தில் விளக்கம் எதுவும் கேட்கவில்லை, நாளையிலிருந்து அந்தக் கத்தி வீட்டிலேயே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார். வெளியே டைப்பிஸ்ட் அம்மாள் இதுவரை கழன்றவற்றை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டிப் போகையில் அவருக்கு உயிரே போய்விட்டது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், வாணலிப் பிடி ஆடுகிறது என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் முடுக்கியிருந்தார். இன்றைக்குச் செவ்வாய். பழக்க தோஷத்தில் முக்காலியில் உட்கார்ந்து கத்தியை விரித்தவர், ஜன்னல் வெளிச்சத்தில் திருகாணியைப் பார்த்ததும் கையை நிறுத்தினார். தலையைச் சுற்றிப் புதுக் கீறல்கள். அவர் கை ஒருநாளும் வழுக்கியதில்லை, அது அவருடைய கர்வம். கழுவும் தொட்டியில் ஒரு தேக்கரண்டி கிடந்தது, காம்பின் நுனி முறுக்கிப்போய். இந்தப் பிடி வாராவாரம் கழல்கிறதென்று வாணலி செய்தவனுக்கு இரண்டு பக்கத்தில் புகார்க் கடிதம்கூடப் போட்டிருக்கிறார், பாவம் அவன்.

"நீதான் கழட்டி விடுறியா?"

மனைவி அடுப்பைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "பின்ன? அப்பதானே இந்தப் பக்கம் வர்றீங்க. இல்லாட்டி பேப்பருக்குப் பின்னாடியே பொழுது போயிடும். இதை முடுக்கும்போதுதான் எங்கிட்ட நாலு வார்த்தை பேசுறீங்க."

அவர் வாணலியைக் கீழே வைத்தார். பிறகு இழுப்பறை முதல் நாற்காலி வரை ஒன்று விடாமல் சொன்னார். மேஜைமேல் செருப்பு விழுந்த இடத்தில் அவள் சிரிப்புத் தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

வாணலிப் பிடியை அழுத்தி முடுக்கினார். பிறகு, விரித்த கத்தியை மடக்காமலே அவள் கையில் வைத்தார்.

"இந்தா, அடுத்த வாட்டி இதால கழட்டு. கரண்டியால நோண்டி ஸ்க்ரூ தலையே சிதைஞ்சு போச்சு."