நாற்றுமுடிக்குள் போன்

வயலில் எண்ணெய்க் கிணறு தோண்டக் கூடாதென்று ஊர் திரண்ட அன்றே இன்டர்நெட்டை நிறுத்திவிட்டார்கள். அமைதி காக்கவாம்! தெருவெல்லாம் போலீஸ் வேன் நின்றால் எங்கிருந்து வரும் அமைதி?

அம்சம் நடவு ஆட்களுக்குத் தலைவி. யார் வயலுக்கு யார் வரணும் என்று வாய்ஸ் மெசேஜில் சொல்லி ஆள் திரட்டுகிறவள். இப்போது அந்தப் போனில் மகனின் தலையெழுத்தே இருந்தது. அறிவுச்செல்வன் கல்லெறிந்தான் என்று பிடித்துப் போயிருந்தார்கள். பச்சைப் பொய்! கல் விழுந்த நேரம் அவன் வயலில் நடவுப் பெண்களுக்கு நாற்றுச் சுமந்துகொண்டிருந்தான். அம்சமே அதை விளையாட்டாக வீடியோ எடுத்திருந்தாள்.

"சாயங்காலம் கோர்ட்டுக்குக் கொண்டு வந்துடுவாங்க. அதுக்குள்ள வீடியோ வேணும்மா," என்று தஞ்சாவூர் வக்கீல் போனில் சொன்னார். அனுப்பினால் போகவில்லை. கையில் கொண்டுபோகலாமென்றால், ரோட்டில் போலீஸ் போனையெல்லாம் வாங்கி வீடியோக்களை அழித்துக்கொண்டிருந்தது.

போனைப் பாலித்தீன் பையில் சுற்றி பிடிப்பிடியாகக் கட்டிய நாற்றுமுடி ஒன்றுக்குள் செருகினாள். நாற்றுக்கட்டோடு ரோட்டைத் தாண்டி, எதிர் வயல் வழியே பஸ் பிடிப்பதாகத் திட்டம்.

"போன் எங்கம்மா?" ரோட்டில் போலீஸ்காரர் மறித்தார்.

"நடவுக்குப் போறவளுக்கு எதுக்குங்க போன்?" என்றாள். அவர் போகச் சொல்லிவிட்டார்.

எதிர் வரப்பில் நாற்றுக்கட்டை இறக்கி மூச்சு வாங்கினாள். அங்கே நடுகிறவர்களுக்கு நாற்றுமுடிகளை வீசிக்கொண்டிருந்த பஞ்சநதம், அவள் கொண்டுவந்த முடிகளையும் அள்ளி வழக்கம்போல வயலுக்குள் வீசினார்.

"ஐயோ அண்ணே, வேணாம்!"

வீசியாகிவிட்டது. நட்டுக்கொண்டிருந்த பெண்களெல்லாம் சேற்றில் துழாவினார்கள். போன் கிடைத்தது. பை கிழிந்து, உள்ளே சேறு. அமுக்கி அமுக்கிப் பார்த்தாலும் திரை கறுப்பாகவே இருந்தது.

"என் புள்ளைய நானே சேத்துல போட்டுட்டேனே!" அம்சம் அப்படியே உட்கார்ந்து கதறினாள். பஞ்சநதம் தலையில் அடித்துக்கொண்டார். "கைப்பழக்கம் அம்சம், பாவி நான்!"

சட்டென்று அழுகையை நிறுத்தி, சுற்றி நின்ற பெண்களை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னைக்கு அவனைப் பாத்தது போன் மட்டுமாடி? நீங்களும்தானே பாத்தீங்க! கரையேறுங்க."

"பறிச்ச நாத்து வாடிப்போகுமே," என்றார் பஞ்சநதம்.

"வாடட்டும் அண்ணே."

பஸ் ஸ்டாப்பிலும் ஒரு போலீஸ்காரர் நின்றார். "என்ன கூட்டமா? போனை எடுங்க."

அம்சம் சேறு சொட்டும் போனை அவர் கையில் வைத்தாள். "இதை நாங்களே அழிச்சிட்டோங்க. என் புள்ளையப் பாத்தவங்கள எல்லாம் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். வழிய விடுங்க."