மீசை இல்லாத முகம்

எங்கள் வீட்டில் அழகு பார்த்துக்கொண்டவர் அப்பாதான். அம்மாவுக்கு அதில் நாட்டமே கிடையாது. கைக்குக் கிடைத்த புடவையைச் சுற்றிக்கொண்டு, தலைமுடியை ஒரு கொண்டையாக முடிந்துகொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அப்பாவுக்கு அப்படி முடியாது. ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. உள்ளே போய்விட்டால் எல்லோருக்கும் ஒரே சீருடை, ஒரே எண்ணெய்க் கறை. ஆனாலும் திருமுல்லைவாயில் வீட்டிலிருந்து ரயில் பிடித்துப் போய்ச் சேரும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காக, தேய்த்த வெள்ளைச் சட்டையும் மடிப்புக் கலையாத பேண்ட்டுமாகத்தான் கிளம்புவார்.

"அங்க போனதும் மாத்திக்கத்தான போறீங்க. இந்த ஷோக்கு இன்னாத்துக்கு?" என்று அம்மா கேட்பாள்.

"வழியில பாக்கறவன் மனுசன் இல்லியா?" என்பார்.

சட்டை பேண்ட்டெல்லாம் கூட இரண்டாம் பட்சம். மீசைதான் அவருக்கு எல்லாமே. அவர் வாலிபத்தில் எங்கள் பக்கத்து ஆண்கள் இரண்டு இடங்களிலிருந்துதான் மீசையை எடுத்தார்களாம். ஒன்று அம்பத்தூர் தியேட்டர் வாசலில் கட்டியிருந்த பேனர். இன்னொன்று ஆவடி முகாமிலிருந்து ரயிலில் வரும் ராணுவக்காரர்கள். அப்பா இரண்டிலும் பாதிப் பாதி எடுத்துக்கொண்டார். அடர்த்தி சினிமாவிலிருந்து வந்தது. உதட்டோரத்தில் கத்தி வைத்து வெட்டினாற்போன்ற முனை முகாமிலிருந்து வந்தது. முறுக்கமாட்டார். முறுக்குகிறவன் சண்டைக்கு அலைகிறவன் என்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டேஷன் பக்கத்திலிருந்த சலூனில் உட்கார்ந்தால், எழுந்து வர மதியம் ஆகிவிடும். சலூன்காரருக்கும் அப்பா வயதுதான். தலைமுடி வெட்ட ஆகும் நேரத்தைவிட மீசைக்கு அதிக நேரம் ஆகும்.

நான் உடுத்தக் கற்றுக்கொண்டதும் அவரிடம்தான். நான் நல்ல கறுப்பு. சின்ன வயதில் ஒரு பொங்கலுக்குத் துணி எடுக்கப் போனபோது அத்தையும் கூட வந்திருந்தாள். அப்பாவுக்கு அக்கா. அப்பா ஒரு மஞ்சள் பாவாடைத் துணியைக் கையில் எடுத்ததும், "கருப்புப் பொண்ணுக்கு மஞ்ச எடுக்காதடா. மூஞ்சி இன்னும் எறங்கிப் போயிடும்" என்றாள்.

"கருப்புக்குத்தான்கா மஞ்ச எடுப்பு. வெளுத்தவ போட்டா தோலு எது, துணி எதுன்னே தெரியாது."

அந்தப் பாவாடைதான் வந்தது. முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு நின்றால் துண்டை எடுத்து அவரே துடைத்துவிடுவார். பிறகு நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். கூட வேலை பார்த்த பெண்கள் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். சொல்லிவைத்தது போல எல்லோரும் வெளிர் நிறங்களாகப் போட்டுக்கொண்டு வருவார்கள். நான் மட்டும் கடுகு மஞ்சளிலும் மிளகாய்ச் சிவப்பிலும் போய் நிற்பேன். காலையில் கிளம்பும்போது பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு பார்வை வரும். "துணி நல்லா கீது. செருப்பு சேரல" என்பார். மாற்றிக்கொண்டுதான் போவேன்.

ஓய்வு பெற்றபின் ஒரு நாள் காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. பக்கவாதம். வலது பக்கம் முழுவதும் போயிற்று. பேச்சும் போயிற்று.

மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் பார்க்கப் போனபோது நான் அப்பாவின் கட்டிலைத் தாண்டிப் போய்விட்டேன். வேறு யாரோ ஒரு கிழவர் படுத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். நர்ஸ் கூப்பிட்டு, "இவர்தாம்மா உங்கப்பா" என்றாள். மூக்கு வழியாகக் குழாய் போட்டு, உதட்டுக்கு மேல் டேப் ஒட்டியிருந்தார்கள். மீசை இல்லை. அது இருந்த இடம் மட்டும் முகத்தைவிட ஒரு மாற்று வெளுப்பாக இருந்தது. இத்தனை வருடத்தில் வெயில் படாத தோல்.

"டேப் ஒட்டலம்மா. அதான் எடுத்துட்டோம். முடிதான, வளந்துரும்."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. நானும் தலையாட்டினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் கட்டில் போட்டோம். எதிரே கண்ணாடி பதித்த பீரோ. அது யாருக்கும் தோன்றவில்லை. தலையணையைச் சரிசெய்துவிட்டு நான் விலகியதும் அப்பா தன்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா ஒரு பழைய புடவையைக் கொண்டுவந்து கண்ணாடியை மூடினாள்.

அதன் பிறகு யார் வந்தாலும் சுவர்ப்பக்கம்தான். தொழிற்சாலையில் கூட வேலை பார்த்தவர் ஒருவர் பழங்கள் வாங்கிக்கொண்டு வந்தார். "அண்ணாத்தே, நான்தான் வந்துகீறேன். இப்டி திரும்பு" என்று தோளைத் தொட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவர் போகும்வரை திறக்கவே இல்லை. நண்பர் வாசலில் என்னிடம், "தூங்கறாரு போல, இன்னொரு நாள் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு வரவில்லை.

குழாயை எடுத்த பின் மீசை மறுபடி முளைத்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை. மீசை வந்துவிட்டால் பழைய முகம் வந்துவிடும், முகம் வந்துவிட்டால் மனிதரும் திரும்பிவிடுவார் என்று. ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்த்தபோது மேலுதடு வழவழவென்று இருந்தது.

"ஏம்மா எடுத்த?"

"கஞ்சி வழிஞ்சி அதுல ஒட்டிக்கினு காயுது. தொடச்சித் தொடச்சி புண்ணாயிடுச்சி. நீ சாயங்காலம் வர. நான் காலைலேந்து பாக்கறேன்."

"அவரு அவரு மாதிரி இருக்க வேணாமா?"

"அவரு இருந்தா போதும் எனக்கு."

நான் விடவில்லை. காலையில் நானே சுத்தம் செய்துவிட்டுப் போகிறேன், ஒருமுறை மட்டும் வளரவிடு என்று கெஞ்சினேன். அதன் பிறகு அம்மா ரேசரை எடுக்கவில்லை. மீசை நரைத்து, பாதி பஞ்சு போல வளர்ந்தது. ஓரளவு அடர்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சலூன்காரரை வீட்டுக்கு அழைத்துவந்தேன்.

அவர் அப்பாவைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார். பிறகு பெட்டியைத் திறந்துகொண்டே, "இன்னா அண்ணாத்தே, இப்டி காடா வளத்து வெச்சிக்கிறீங்க" என்றார். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இடது பக்கம் பழையபடி வந்தது. அதே அடர்த்தி, அதே முனை. வலது பக்கத்தில் கன்னமும் உதடும் தொங்கியிருந்ததால் மீசையும் கீழே சரிந்து நின்றது. அதைக் கொஞ்சம் வெட்டினார். வெட்டியதும் இடது பக்கம் நீளமாகத் தெரிந்தது. அதைக் குறைத்தார். மறுபடி வலது. இப்படியே மாற்றி மாற்றி வெட்டியதில் மீசை சிறுத்துக்கொண்டே போனது. கடைசியில் கத்தரிக்கோலைத் துண்டின் மேல் வைத்துவிட்டார்.

"முடி சரியாத்தான்மா கீது. மூஞ்சிதான் எறங்கிக்கிது" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். சலூன்காரர் அதை மறந்துவிட்டார். வேலை முடிந்ததும் எப்போதும் செய்வது போலவே, கை பழக்கத்தில், சின்னக் கண்ணாடியை எடுத்து அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தும்விட்டார். அப்பா பார்த்தார். இடது கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு விரலை மேலுதட்டில் வைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இழுத்தார்.

"எடுத்துரவாப்பா?" என்று கேட்டேன்.

கண்ணை மூடித் திறந்தார். எங்களுக்குள் அதற்கு ஆமாம் என்று அர்த்தம்.

சலூன்காரர் என்னைப் பார்த்தார். நான் அடுப்படி வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தேன். அம்மா டீ போட உள்ளே போய்விட்டாள். சலூன்காரர் சோப்பு நுரை போட்டு மொத்தமாக எடுத்தார். அம்மா போட்டுவைத்த டீயைக் குடிக்காமலே பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து அம்மாதான் சவரம் செய்தாள். நான் குறுக்கே போகவில்லை. விரலால் நுரையைத் தடவி, கன்னத் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக வழிப்பாள். அப்பா குழந்தைபோல முகவாயைத் தூக்கிக் காட்டுவார். ஊர் முழுக்க எல்லோரிடமிருந்தும், என்னிடமிருந்தும் கூடத் திருப்பிக்கொண்ட அந்த முகத்தை அவளிடமிருந்து மட்டும் திருப்பவில்லை. நான் வேலைக்குக் கிளம்பி அவர் எதிரே போய் நிற்பேன். கண் என்மேல் படும், தாண்டிப் போகும். துணியைப் பற்றி அந்தக் கண்ணில் எதுவும் இருக்காது. நாளடைவில் நானும் கையில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தேன். சாம்பல் நிறம், வெளிர் நீலம். கூட வேலை செய்கிறவள் ஒருத்தி, "இப்பதான்டி நீ டீசன்ட்டா டிரஸ் பண்ற" என்றாள்.

போன மழைக்காலத்தில் இரண்டாவது முறை வாதம் வந்து அப்பா இறந்துபோனார். அத்தை மகன் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்க வேண்டும், போட்டோ அனுப்பு என்று போன் செய்தான். ஒரு கல்யாணத்தில் எடுத்த படத்தை அனுப்பினேன். மாலைக்குள் பேனர் வந்துவிட்டது. அப்பா வாழ்நாளில் போடாத கோட்டு போட்டிருந்தார். மீசையை மைபோலக் கறுப்பாக்கி, இரண்டு பக்கமும் மேலே முறுக்கிவிட்டிருந்தார்கள். முகத்தை வெளுக்க வைத்து ரோஸ் நிறம் ஏற்றியிருந்தார்கள்.

"சூப்பரா பண்ணிக் குடுத்துகீறான், பாத்தியா?" என்றான் அத்தை மகன். அவன் கண் கலங்கியிருந்தது.

அம்மா செல்போனில்தான் அதைப் பார்த்தாள். "இது யாரு?" என்று கேட்டாள்.

காரியம் முடிந்ததும் வீட்டில் மாட்டப் படம் தேடினோம். என் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் எடுத்த படம் என்னிடம் இருந்தது. வெள்ளைச் சட்டை, அந்த மீசை, லேசாக நிமிர்ந்த தலை. அதைப் பிரேம் போடலாம் என்றேன். அம்மா தன் போனிலிருந்து வேறொன்றைக் காட்டினாள். அப்படி ஒரு படம் இருப்பதே எனக்குத் தெரியாது. கட்டிலில் சாய்ந்திருக்கிறார் அப்பா. அப்போதுதான் சவரம் முடிந்திருக்கிறது, காதோரத்தில் நுரை கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. உதடு ஒரு பக்கம் கோணியிருக்கிறது. எடுத்தவளைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"இதுதான் வேணும்" என்றாள்.

"அந்த மூஞ்சிய அப்பாவே யாருக்கும் காட்ட விரும்பலம்மா."

"எனக்குக் காட்னாரு."

"வர்றவங்கல்லாம் பாப்பாங்க."

"பாக்கட்டும். நான் கடசியா பாத்துக்கினது இந்த மூஞ்சியத்தான். அதுக்கு முன்ன இருந்த மூஞ்சி ஊருக்காக வெச்சிருந்தது."

நான் என் படத்தைப் பிரிண்ட் போடக் கொடுக்கவில்லை. அவளும் தன் படத்தைக் கொடுக்கவில்லை. அவரவர் போனில் அவரவர் அப்பா, அவரவர் புருஷன். துக்கம் கேட்க இன்னும் யாராவது வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். உட்கார்ந்ததும் சுவரைப் பார்த்துவிட்டு, படம் இன்னும் மாட்டலியா என்று கேட்கிறார்கள்.

"பிரேம் கடையில குடுத்துகீறோம்" என்கிறாள் அம்மா. நானும் ஆமாம் என்கிறேன்.