அட்டை மேஸ் பிரேமினி

பிரேமினிக்கு எதிரிகள் இரண்டே பேர்தான். ஒன்று அட்டை, இன்னொன்று தோட்டத்து வேலையை மேய்க்கிற அதிகாரி கண்டாக்கையா. அட்டையாவது ரத்தம் குடித்து வயிறு நிறைந்ததும் தானாக விழுந்துவிடும்.

கலியாணத்துக்கு முன் கட்டுநாயக்காவில் கார்மென்ட்ஸில் தைத்தவள் அவள். கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின் கொழுந்து எடுத்தாள், மழைக்காலமெல்லாம் அட்டைக்குக் கால் கொடுத்தாள். ஒருநாள் மலைப்பாதையில் நடந்துபோன வெள்ளைக்காரி ஒருத்தி அட்டை ஏறாமல் முழங்கால்வரை துணி மேஸ், அதுதான் காலுறை, போட்டிருந்ததைப் பார்த்ததும் இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் சுற்ற வந்த காலுக்கு மேஸ், காலமெல்லாம் மலை ஏறுகிற காலுக்குப் பூசிக்கொள்ளச் சவுக்காரமும் சுண்ணாம்புமா?

அந்தச் சமயம் பார்த்து, கொழும்பில் வேலை பார்த்த துணிக்கடை இழுத்து மூடப்பட்டு அவள் புருஷன் யோகேஸ்வரன் வீடு வந்து சேர்ந்தான், முதலாளி தலையில் கட்டிவிட்ட தடித்த துணி மூட்டையோடு. பிரேமினி ஒரு பழைய தையல் மெஷினை வாங்கி தோட்டம் கொடுத்திருந்த லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையிலேயே தொழிலைத் தொடங்கிவிட்டாள். கொழுந்து எடுக்கப் போவதை நிறுத்தினாள். மேஸ் குவிந்தது, வாங்கத்தான் ஆளில்லை.

"இதப் போட்டுக்கிட்டு மலைக்குப் போனா, தொரைச்சாணி வாறான்னு சிரிப்பாங்கடி" என்றாள் அடுத்த காம்பரா லெட்சுமி அக்கா.

வாங்குகிறவர் வரவில்லை, கண்டாக்கையா வந்தார். "வீட்டுக்கு ஒருத்தர் பேராவது தோட்டத்து வேலையில இருக்கணும். இல்லாட்டி காம்பராவ விட்டுருங்க."

தொழில் செய்ய முதல் வேண்டும், துணிச்சல் வேண்டும் என்று மேடையில் நன்றாகத்தான் பேசுகிறார்கள். மெஷின் வைக்க ஒரு காம்பரா வேண்டும், அந்தக் காம்பராவுக்காக இன்னொருவர் கொழுந்து எடுக்க வேண்டும் என்று ஒருத்தரும் சொல்வதில்லை.

"நான் போறேன்" என்றான் யோகேஸ்வரன். சும்மா சொல்லக்கூடாது, பெரிய மனசு. குளிக்கிற இடத்தில் ஓர் அட்டையைக் கண்டாலே லயமெல்லாம் கேட்கக் கத்துகிறவன் அவன்.

மறுநாள் மேஸோடு, காலையில் பேர் பதிகிற பெரட்டுக் களத்தில் போய் நின்றான். வேலைக்கு நின்ற பெண்களெல்லாம் குலுங்கிச் சிரித்தார்கள். மலையில் ஓர் அட்டை மேஸின் மேல்வாயால் உள்ளே இறங்கி வெளியே வர வழி தெரியாமல் மாட்டிக்கொள்ள, தேயிலைக்கு நடுவே அவன் ஆடிய ஆட்டத்தைத் தோட்டத்துத் திருவிழாவில்கூட யாரும் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் மேஸைக் கழற்றிப் பெண்டாட்டி முன்னால் வீசினான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மேல்வாயில் நாடா கோத்து, இறுக்கிக் கட்டும்படி தைத்துக் கொடுத்தாள்.

அடுத்த அடைமழையில், கொழுந்து நிறுக்கிற இடத்தில் எல்லாரும் குனிந்து அட்டை பிடுங்கிக்கொண்டிருக்க, யோகேஸ்வரன் மட்டும் சாவகாசமாக ரொட்டி தின்றுகொண்டிருந்தான். லெட்சுமி அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, கால நீட்டுங்க" என்று மேஸை உருவிப் பார்த்தாள். ஒரு சொட்டு ரத்தமில்லை.

அன்று சாயங்காலமே பிரேமினியிடம் வந்து காலை நீட்டினாள். "அளவெடுடி." கெண்டைக்காலெல்லாம் கறுத்த தழும்பு. தன் காலையே பார்ப்பதுபோல் இருந்தது பிரேமினிக்கு. விலையைக் குறைத்துச் சொன்னாள். வியாபாரிக்கு ஆகாத காரியம்தான்.

அப்புறம் மெஷினுக்கு ஓய்வில்லை. நாடா கோக்க இரண்டு பெண்கள் வந்தார்கள். நுவரெலியாக் கடைக்காரர் ஒருவர் உல்லாசப் பயணிகளுக்கென்று கேட்டனுப்பினார். யோகேஸ்வரனுக்குத் தலைகால் புரியவில்லை. கடை கடையாக ஏறிப் பேசி விற்பதுதானே அவனுக்குத் தெரிந்த வித்தை? "இந்த மாசத்தோட கூடைய எறிஞ்சிர்றேன்" என்று லயமெங்கும் சொல்லித் திரிந்தான். காம்பரா போய்விட்டால் மெஷினை எங்கே வைப்பது என்று, அவ்வளவு சந்தோஷத்தில் இருப்பவனிடம் பிரேமினி எப்படிக் கேட்பாள்?

அந்த வாரமே கண்டாக்கையா வாசலில் வந்து நின்றார். பிரேமினி மெஷினை விட்டு எழுந்தாள். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் ஒரு ஜோடி வேணும். வெளிய சொல்லாத."

உட்காரவைத்து, டேப்பை எடுத்து அவர் காலைச் சுற்றினாள்.

"யோகேஸ்வரன் வேலைய விடப்போறாராமே?" என்றார் அவர். டேப் அப்படியே நின்றது.

மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த யோகேஸ்வரன் நிமிர்ந்தான். மெஷினைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். "யாருங்கய்யா சொன்னது? நான் மலையில போட்டுக் காட்டாட்டி இவ மேஸ யாரு நம்பி வாங்குவாங்க? நாளைக்கும் பெரட்டுக்கு வாறேன்."

அவனுக்கு எவ்வளவு ஆசையிருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். கண்ணில் நீர் முட்டியதில் கண்டாக்கையாவின் அளவைத் தப்பாகக் குறித்துவிட்டாள். மேஸ் கொஞ்சம் இறுக்கும். இறுக்கட்டும்.