சலாம் போட்டு விழுந்த மாயாண்டி

இலங்கை மலைநாட்டில், அட்டனிலிருந்து எட்டு மைல் மலையேறினால் வரும் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து அரைக்கும் ஸ்டோரில் இஞ்சின்காரனாக இருந்தான் மாயாண்டி. ஆள் ஒல்லி. ஆடிக் காற்றில் வெளியே போவதென்றால் சட்டைப்பையில் இரண்டு ஸ்பானரைப் போட்டுக்கொள்வான். இல்லாவிட்டால் காற்று அவனைத் தூக்கிக்கொண்டு போய் ராகலையில் இறக்கிவிடும். மீசை மட்டும் இரண்டு ஆளுக்குப் போதும். இருபது வருசம் இஞ்சின் சத்தத்துக்குள்ளேயே கிடந்ததில் காது பாதி அடைத்துப்போயிருந்தது. அவன் பெண்டாட்டி ராசம்மா அவனிடம் கொஞ்சினால் எதிர்மலையில் கொழுந்து எடுப்பவர்களுக்கும் வெட்கமாகிவிடும்.

ஐம்பத்தாறாம் வருசம் தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னதுரை வேலையை விட்டுச் சீமைக்குப் போனார். போகும்போது அவருடைய மோட்டார் சைக்கிள் ஸ்டோர் விறகுக் கொட்டிலில் செத்துக் கிடந்தது. “வேணுமா, எடுத்துக்கோ” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாயாண்டி ஒன்றரை வருசம் அதன் பக்கத்தில் குந்தியிருந்தான். கழற்றினான், கழுவினான், பூட்டினான், மறுபடி கழற்றினான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது உயிர் பிடித்துக் கத்தியபோது கூலிக்காரர் வரிசைவீடுகளான லயத்துக் கோழிகள் ஒரு வாரம் முட்டையிட மறந்தன.

தோட்டத்தில் அதுவரை கூலிக்காரர் வீட்டில் சைக்கிள்கூடக் கிடையாது. மாயாண்டிக்கு மோட்டார் சைக்கிள்! ஆனால் அதில் முதலில் யாரை ஏற்றுவது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அக்கா வேலாயியைத்தான்.

ஆத்தாளும் அப்பனும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போனபிறகு, தம்பியை இடுப்பில் கட்டிக்கொண்டு கொழுந்து எடுத்து வளர்த்தவள் அவள். வீரய்யாவைக் கட்டிக்கொண்டு ஒன்றரை மைல் கீழே, கீழ்ப்பிரிவு லயத்தில் இருந்தாள். கொழுந்தில் அவளை அடிக்க ஆள் கிடையாது. தன்னை யாரோ கிள்ளிவிட்டார்கள் என்பது கொழுந்துக்கே கூடைக்குள் போய்த்தான் தெரியும், அவ்வளவு பூவாக இருக்கும் அவள் கை.

மாசி மாதம், கோயில் திருவிழா. மாயாண்டி தலையில் ஜரிகைத் துண்டு கட்டிக்கொண்டு அக்கா வாசலில் போய் வண்டியை நிறுத்தினான்.

“ஏறுக்கா.”

“டேய், இதுல எதைடா புடிச்சுக்கிறது?”

“என்னையப் புடிச்சுக்க.”

“ஒன்னையப் புடிச்சா நீ ரெண்டா ஒடிஞ்சு போவியே!”

லயமே சிரித்தது. வேலாயி புதுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. வேகமா? ஒரு நத்தை கூடவே வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு முந்திக்கொண்டு போயிருக்கும். அக்கா பயப்படக் கூடாதே என்று அப்படி ஓட்டினான்.

வாகைமரத்து வளைவில் தோட்டத்தையே ஆளும் பெரியதுரை நாயோடு நடந்து வந்தார்.

துரை எதிரே வந்தால் தோட்டத்து ஆள் என்ன செய்ய வேண்டும் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ரோட்டோரத் தண்ணீர்க் கான் பக்கம் ஒதுங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்து, “சலாங்க தொரெ” சொல்ல வேண்டும். மாயாண்டி பத்து வயதிலிருந்து இதைச் செய்கிறவன். துரை தலை தெரிந்ததும் கை தானாக மேலே போய்விடும், அவனிடம் கேட்டுக்கொண்டு போகாது. அன்றைக்கும் போனது. ஒரு கை அல்ல, துண்டு அவிழ்க்க இரண்டு கை வேண்டுமே, இரண்டும் போயின.

“சலாங்க தொ...”

‘ரெ’ வருவதற்குள் வண்டி ஒரு கிழட்டு மாடு படுப்பதுபோல மெதுவாகப் பக்கவாட்டில் படுத்தது. துரை சிரித்தார். மேலே மலைப்பாதையில் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த நாற்பது பேரும் சிரித்தார்கள். நாய்கூடச் சிரித்தது என்று பிற்பாடு சத்தியம் செய்தவர்கள் உண்டு. கானுக்குள் விழுந்து கிடந்த வேலாயியும்தான் சிரித்தாள், வலது கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்க்கும் வரைக்கும்.

மணிக்கட்டு முறிந்திருந்தது. கட்டு அவிழ்த்தபோது கை வளைந்தே ஒட்டியிருந்தது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொட மறுத்தன. கொழுந்து கிள்ள வேண்டியது அந்த இரண்டு விரல்தானே. இடது கையால் எடுத்தாள். அந்தியில் நிறுக்கும்போது பாதிக் கூடைதான் தேறியது. நாள் முழுக்க மலையில் நின்றவளுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான் போட்டார்கள். அடுத்த நாளும் அரைப்பேர். தோட்டத்திலேயே முதல் கையாக இருந்தவளைக் கங்காணி கிழவிகள் நிரையில் கொண்டுபோய் நிறுத்தினான். வீரய்யா அவனோடு சண்டை போட்டான், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் கத்தினான், கடைசியில், “சீ, இந்த மண்ணே வேணாம்” என்று இந்தியாவுக்குப் போகக் கடுதாசி எழுதிப் போட்டுவிட்டான்.

நத்தை வேகத்தில் போன வண்டி. விழுந்தது நாலடி. அதற்குள் ஒரு குடும்பம் கடலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

மாயாண்டி மோட்டார் சைக்கிளைச் சாக்குப் போட்டு மூடினான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாக்கை விலக்கி, எண்ணெய் விட்டு, ஸ்டாண்டில் நிறுத்தியபடியே உதைத்து ஓடவிடுவான். பின்சக்கரம் சும்மா சுற்றும். நின்ற இடத்திலேயே, இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் தலைமன்னாருக்குப் போய்த் திரும்புகிற அளவுக்கு ஓடியிருக்கும். ஏறி உட்கார மட்டும் மாட்டான். ஒருநாள் யாரும் பார்க்காதபோது உட்கார்ந்து, ஸ்டாண்டை எடுத்தான். வண்டி ஒரு விரற்கடை சாய்ந்தது. உடனே மறுபடி ஸ்டாண்டைப் போட்டுவிட்டான்.

அதைவிடப் பெரிய கூத்து, எட்டு மாசமாக அவன் கீழ்ப்பிரிவுப் பக்கமே போகவில்லை. அந்தக் கையை எப்படிப் பார்ப்பது? முதல் வாரம், கட்டு அவிழ்த்தபிறகு போகலாம் என்றான். அவிழ்த்தபிறகு, ஆறினபிறகு போகலாம் என்றான். இரண்டு மாசம் ஆனதும், இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்ற வெட்கமும் சேர்ந்துகொண்டது. கோயிலில் அக்கா தலை தெரிந்தால் சாமி கும்பிடாமலே திரும்பிவிடுவான். ராசம்மாதான் போய்வந்தாள்.

கப்பலுக்கு நாள் வந்தது. முதல் நாள் சாயங்காலம் வேலாயியே ஏறி வந்துவிட்டாள். ஸ்டோர் வாசலில் நின்று, “தம்பி இருக்கானா?” என்று கேட்டாள். மாயாண்டி எண்ணெய்ப் பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்தான். அவன் ஒல்லிக்குக் குடைக்காம்புக்குப் பின்னாலேயே ஒளியலாம். ஸ்டோர்க் கூட்டாளி செல்லசாமி, “இப்பத்தான் வெளியில போனாருங்கக்கா” என்றான். வேலாயி வாசலிலிருந்தே ஸ்டோருக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு லொறி அவர்களை அட்டன் ஸ்டேசனுக்கு ஏற்றிக்கொண்டு போனது. பதினோரு மணிக்கு ரயில். ராசம்மா வழியனுப்பிவிட்டு நேராக ஸ்டோருக்கு வந்தாள். அவள் போட்ட சத்தத்தில் இஞ்சின் கொஞ்சம் அடங்கிப்போனது.

“ஏங்க, நீங்க மனுசனா? லொறி வளைவு திரும்புற வரைக்கும் அந்தப் பொம்பள திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போகுது. எனக்கு ஒரு வார்த்த சொல்ல வாய் வரல. ‘அவன் வேலையா இருப்பான், விடு ராசம்மா’ன்னு அதுதான் எனக்குச் சமாதானம் சொல்லிட்டுப் போகுது!”

மாயாண்டி துணியால் கையைத் துடைத்தான். எண்ணெய் போனபிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“மணி என்ன?”

“ஒம்பதரை தாண்டிருச்சு. பஸ்ஸும் போயிருச்சு. நடந்தீங்கன்னா அக்கா தலைமன்னார் போய்ச் சேரையில நீங்க அட்டன் போய்ச் சேருவீங்க.”

செல்லசாமி எழுந்து வந்து அவன் கையிலிருந்த துணியைப் பிடுங்கினான். “நான் பாத்துக்கிறேன். போ அண்ணே.”

மாயாண்டி கொட்டிலுக்கு ஓடிச் சாக்கை இழுத்துப் போட்டான். முதல் உதையிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. ஏறி உட்கார்ந்தான். காலைத் தூக்கப் பயம். திரும்பிப் பார்த்தால் ராசம்மா பின்னால் ஏறிக்கொண்டிருந்தாள். வேலாயி மாதிரி ஒரு பக்கமாக அல்ல, ஆம்பிளை மாதிரி இரண்டு பக்கமும் காலைப் போட்டு.

“நீ எதுக்குடி? ஒருத்தியப் போட்டது போதாதா?”

“போட்டா நானும் இந்தியாவுக்குப் போறேன், அங்கிட்டு அக்காவுக்குத் துணைக்கு ஆச்சு. ஓட்டுங்க.”

முதல் அரை மைல் காலைத் தேய்த்துக்கொண்டே ஓட்டினான். முன்சக்கரத்தையே பார்த்தான், பார்க்கப் பார்க்க அது ஆடியது. “சக்கரம் ஓடிப்போயிராது, ரோட்டைப் பாருங்க!” என்று ராசம்மா காதுக்குள் கத்தினாள். ரோட்டைப் பார்த்தான். கால் தானாக மேலே வந்தது. கொஞ்சம் வேகம் கொடுத்தான். வேகம் கொடுத்ததும் ஆட்டம் நின்றது. அன்றைக்குக் கையை விட்டதும் வண்டி அப்படிப் படுத்தது, பயந்து மெதுவாகப் போனதாலும்தான் என்று அப்போதுதான் அந்தப் பெரிய இஞ்சின்காரனுக்கு விளங்கியது.

மூன்றாம் மைலில் எதிரே ஒரு ஜீப். உள்ளே பெரியதுரை.

மாயாண்டிக்கு இரண்டு முழங்கையும் கூசியது. வலது கையில் ஒரு விரல் பிடியை விட்டுக் கிளம்பிவிட்டது.

“கைய எடுத்தீங்க, ஒடிச்சுப்புடுவேன்!” என்ற ராசம்மா, பின்னாலிருந்தே அவன் தலைத்துண்டை வெடுக்கென்று உருவித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “சலாங்க தொரெ!” என்று மலையே அதிரக் கத்தினாள். ஜீப் கானில் இறங்கப் பார்த்தது.

“ஒங்களுக்கும் சேத்துப் போட்டுட்டேன். நீங்க ஓட்டுங்க.”

அதற்குப் பிறகு மாயாண்டி பறந்தான். அட்டன் ஸ்டேசன் ஏற்றத்தில் நிறுத்தும்போது மட்டும் கால் எட்டாமல் வண்டி மறுபடி படுத்தது. ராசம்மா சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். மாயாண்டி வண்டியைத் தூக்கக்கூட இல்லை, அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.

ரயில் நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு போனான். எல்லா ஜன்னலிலும் தகரப்பெட்டி, பானை, அழுத முகம். ஏழாவதில் வேலாயி இருந்தாள்.

“அக்கா.”

அவள் திரும்பினாள். முதலில் அவன் முழங்காலைத்தான் பார்த்தாள். கால்சட்டைக்குக் கீழே ரத்தம்.

“எதுலடா வந்தே?”

“மோட்டார் சைக்கிள்ல.”

“விழுந்தியா?”

“இப்பத்தான், வாசல்ல.”

வேலாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவள் கையை மாயாண்டி அப்போதுதான் பார்த்தான். எட்டு மாசமாக அவன் மனசுக்குள் அது கோரமாக வளர்ந்திருந்தது. நேரில் கொஞ்சம்தான் வளைந்திருந்தது. வளையல்கூடப் போட்டிருந்தாள்.

“என்னாலதானேக்கா...”

“போடா. கை போனா மத்தக் கை இருக்கு. கஞ்சி குடிக்கல? தலை சீவல? இந்தக் கையாலயே ஒனக்கு ஒரு கோழிக்கறி ஆக்கிப் போடணும்னு எட்டு மாசமா பாத்துக்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் மேல மலையில ஒன் வண்டிச் சத்தம் கேக்கும். வாறான், வாறான்னு வாசலுக்கு வருவேன். சத்தம் அங்கனயே நின்னு போயிரும்.”

மாயாண்டி ஜன்னல் கம்பியோடு சேர்த்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

வீரய்யா உள்ளேயிருந்து, “மச்சான், ஒடம்பப் பாத்துக்க” என்றான். ராசம்மா ஓடிவந்து அக்காவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விசில் ஊதியது. ரயில் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது.

“கடுதாசி போடுறேங்க்கா! யாரையாச்சும் எழுதச் சொல்லி...”

“சாப்புடுடா, நல்லாச் சாப்புடு!” என்று மட்டும் கேட்டது.

திரும்பும்போது ஏறுமலை, எட்டு மைல், முப்பது வளைவு. மாயாண்டி ஒன்றில்கூடத் தடுமாறவில்லை. சாலையில் போன பஸ்ஸுக்கு வழிவிட்டான், மாட்டுக்கு நிறுத்தினான், மறுபடி எடுத்தான். பாதி வழியில், “இவ்வளவுதானா?” என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். சத்தமாகத்தான் சொன்னான் போலிருக்கிறது, பின்னால் ராசம்மா அவன் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். சட்டை நனைந்தது.

தோட்டம் வந்ததும் அவன் ஸ்டோர் பாதையில் திருப்பவில்லை. எட்டு மாசமாக வராத கீழ்ப்பிரிவுக்கு இறங்கினான். அக்கா லயத்துக்கு முன்னால் வண்டியை அழகாக நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டான்.

கதவு திறந்திருந்தது. உள்ளே புகை. காலையில்தான் காலியான அந்த ஒற்றை அறைக் காம்பராவைத் தோட்டம் அதற்குள் பூண்டுலோயாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டது. புதிதாக வந்தவள் அடுப்பிலிருந்து எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“யாரப் பாக்க வந்தீங்க?”

“வேலாயிய.”

“அவுங்க காலையிலேயே இந்தியாவுக்குப் போயிட்டாங்களே. ஒங்களுக்குத் தெரியாதுங்களா?”

மாயாண்டி ‘தெரியும்’ என்றுதான் தலையை ஆட்டினான், அவளுக்கு அது ‘தெரியாது’ என்று பட்டது. நின்ற வண்டியில் இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பொம்பிளைக்குப் பாவமாகிவிட்டது.

“தூரத்துல இருந்து வாறீங்களா? ஒரு வாய்த் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றாள்.