சாட்சிக்கு வைத்த பெயர்

வென்ட்வேர்த்வில் புறநகரில் கணவன்மாரிடம் அடி வாங்கும் புலம்பெயர்ந்த தமிழ்ப் பெண்களின் கதையைப் பிராந்திய மனித உரிமை மன்றம்வரை கொண்டுபோய் வாசிப்பவர் தவமலர் அன்ரி. குடும்பம் பிரிப்பவள் என்று கோயிலில் முகம் திருப்புகிறவர்களை அவர் சட்டை செய்வதில்லை.

சாட்சியின் சொந்தப் பெயர் வெளியே வரக் கூடாது. அதனால் வேறொரு பெயரை அவளையே சொல்லச் சொல்வார். கணவனின் அடியைச் சொல்ல வந்த ஒருத்தி யோசிக்கவேயில்லை.

"பவளராணி எண்டு போடுங்கோ, அன்ரி."

அந்தப் பெயரிலேயே எழுதி, திருத்தி, மன்றத்தில் வாசித்து, அவளுடைய உண்மைப் பெயரே அன்ரிக்கு மறந்துபோயிற்று.

சனிக்கிழமை மளிகைக் கடையில் அவள் கணவனோடு வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றாள். கண்ட சந்தோஷத்தில் அன்ரி வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டார்.

"பவளராணி!"

அவள் திரும்பவில்லை. கணவன்தான் திரும்பினான். அவன் கையிலிருந்த தேங்காய்ப்பால் டின் விழுந்து உருண்டது.

"அவ செத்திட்டா," என்றான். முகத்தில் ரத்தமே இல்லை. "என்ர முதல் மனிசி. கிணத்துக்க தவறித்தான் விழுந்தவ."

அவள் ஒரு வெண்டைக்காயின் நுனியை முறித்துப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள். "அன்ரி உங்களை ஒண்டும் கேக்கேல்லையே."